மதிய வெயிலில் பேனலுக்கு வோல்ட் போதுகிறதா?

காலை பத்து மணிக்கு நன்றாக வந்த கரண்ட், ஒரு மணி வெயிலில் ஏன் குறைகிறது? சோலார் பற்றி என்னிடம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பதிலையும் கையோடு கொண்டு வந்துவிடுவார்கள். பேனல் சூடாகிவிட்டது, தண்ணீர் தெளிக்கலாமா, அடியில் ஃபேன் வைக்கலாமா என்று.

வெளியிலிருந்து எந்த மின் இணைப்பும் இல்லாத வீட்டில், கூரைமேல் இருக்கிற பேனலையும் கீழே இருக்கிற பேட்டரியையும் மட்டும் நம்பிப் பல வருடங்களாக இருக்கிறேன். தெரிந்தவர்கள் வீடுகளிலும் மீட்டரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பேனலின் சூட்டால் வரும் நஷ்டம் சின்னது. முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மதியத்தையே முழுதாகக் கெடுப்பவை வேறு இரண்டு: வோல்ட் பற்றாக்குறை, அப்புறம் பேட்டரியும், அதற்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரும் இருக்கிற இடத்தின் சூடு. இவற்றைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

முதலில் அந்தச் சின்ன நஷ்டத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 400 வாட் என்று பேனலில் எழுதியிருந்தால், செல்லின் (பேனலுக்குள் வெளிச்சத்தைக் கரண்டாக்குகிற சிறு துண்டு) வெப்பம் 25 டிகிரியாகவும் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சமாகவும் இருக்கும்போது கிடைப்பது அது. ஆய்வுக்கூடத்தில்தான் இரண்டும் ஒன்றாக அமையும். பேனலின் டேட்டா ஷீட்டில் என்ஓசிடி என்று இன்னொரு எண் இருக்கும், பெரும்பாலும் 45 டிகிரியை ஒட்டி. 20 டிகிரி காற்றில், 800 வாட் வெளிச்சத்தில், மெல்லிய காற்று வீசும்போது செல் எவ்வளவு சூடாகும் என்பது அதன் அர்த்தம். அதாவது 800 வாட்டுக்கே காற்றைவிட 25 டிகிரி அதிகம். முழு வெயிலில் அது 31 டிகிரி ஆகும். வெளியே 39 டிகிரி என்றால் செல் 70 டிகிரியில் இருக்கிறது.

25-லிருந்து 70 வரை 45 டிகிரி ஏற்றம். இப்போது பரவலாகக் கிடைக்கிற மோனோ பெர்க் என்கிற வகைப் பேனல்களில் டிகிரிக்கு ஏறக்குறைய 0.35% வாட் குறையும். 45-ஐ 0.35-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 16%. 400 வாட் பேனல் 336 வாட் தரும். அவ்வளவுதான்! கூடுதலாகப் பேனல் போட்டால் தீர்ந்துவிடுகிற நஷ்டம் இது. ஹெச்ஜேடி என்கிற இன்னொரு வகைப் பேனலில் டிகிரிக்கு 0.25% பக்கம்தான் குறையும், அதனால் இதே வெயிலில் 355 வாட் தரும். இடம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம். கூரையில் தாராளமாக இடம் இருப்பவர்கள் அதற்காக அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

தண்ணீர் தெளிப்பதற்கு நான் எதிர்ப்பு. பேனல் குளிரும், வாட் கூடும், உண்மைதான். ஆனால் சூடான கண்ணாடிமேல் விழுகிற தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். சில மாதங்களில் வெள்ளையாகப் படிந்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பம்புக்கும் கரண்ட் வேண்டும். 70 டிகிரிக் கண்ணாடிமேல் ஜில்லென்று தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. குளிர்ச்சி வேண்டுமென்றால் பேனலுக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். தகரத்தோடு ஒட்டிப் பொருத்தாமல் குறைந்தது ஒரு சாண் உயர்த்தினால் அடியில் காற்று ஓடும், அதுவே பெரிய வேலையைச் செய்துவிடும். இரண்டு ஓரமும் திறந்திருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தகடு அடித்து மூடுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, இப்போது வோல்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

சூடாகும்போது பேனலின் ஆம்பியர் குறைவதில்லை. உண்மையில் துளி கூடும். குறைவது வோல்ட். மேலே சொன்ன 16% நஷ்டம் முழுக்க முழுக்க வோல்ட்டில் நடப்பது. பேட்டரியோ வோல்ட் விஷயத்தில் சமரசமே செய்யாது. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 வோல்ட் வேண்டும். 14 வோல்ட்டோடு நின்றுவிட்டால், எத்தனை வாட் கூரையில் இருந்தாலும், கடைசிப் பங்கு சார்ஜ் சரியாக ஏறாது.

பேனலுக்குப் பின்னால் ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும். விஎம்பி என்பது பேனல் அதிகபட்ச வாட் தருகிறபோது இருக்கிற வோல்ட். விஓசி என்பது எதையும் இணைக்காமல் மீட்டரை வைத்தால் காட்டுகிற வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கிற 36 செல் பேனலின் விஎம்பி 18 வோல்ட் பக்கம் இருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு எதற்கு 18 என்று கேட்பார்கள். 70 டிகிரியில் அந்த 18, 15-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வயரில் அரை வோல்ட், கன்ட்ரோலரில் கொஞ்சம் போனால் மிச்சம் சரியாக 14-ஐத் தொட்டு நிற்கிறது. ஒரு காலத்தில் கன்ட்ரோலரே தேவையில்லை, தானாகவே சார்ஜ் நின்றுவிடும் என்று சொல்லி 30, 32 செல் பேனல்கள் வந்தன. வெயில் கடுமையான இடங்களில் அவற்றால் பேட்டரியை நிரப்ப முடியவில்லை.

இதே சிக்கல் இன்று வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. தெரிந்த தம்பி ஒருவரின் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 24 வோல்ட் பேட்டரி. 60 செல் பேனல் இரண்டு, இரண்டும் பேரலல், அதாவது வோல்ட் ஒரு பேனலுடையதே, ஆம்பியர் மட்டும் கூடும். நல்ல எம்பிபிடி கன்ட்ரோலர், பேனலின் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ப இறக்கித் தருகிற வகை. பொருத்தியவர்கள் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். "அக்கா, காலையில ஜோரா ஏறுது. உச்சி வெயில்ல படுத்துடுது. சாயங்காலம் மறுபடி எழுந்திரிக்குது. பேனல்ல ஏதோ கோளாறு" என்றார்.

பேனல்களில் கோளாறே இல்லை. 60 செல் பேனலின் விஎம்பி 31 வோல்ட். ஸ்டிக்கரைப் பார்த்தால் 24 வோல்ட் பேட்டரிக்குத் தாராளம் என்றுதான் தோன்றும். மதியம் 70 டிகிரியில் அந்த 31, 26-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. பேட்டரி நிரம்ப வேண்டியதோ 28.8 வோல்ட். தன் விருப்பமான வோல்ட்டைத் தாண்டி இழுக்கப்படும் பேனலில் ஆம்பியர் சரியத் தொடங்கும். இன்னொரு விஷயமும் இருந்தது. எம்பிபிடி கன்ட்ரோலர்கள் பலவும் சார்ஜைத் தொடங்குவதற்குப் பேனல் வோல்ட், பேட்டரியைவிட 5 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். பேட்டரி 28-ல் இருந்தால் பேனல் 33 காட்ட வேண்டும். சூட்டில் அந்தப் பேனலின் விஓசியே 33 பக்கம்தான். ஒரு மேகம் கடந்து சார்ஜ் ஒருமுறை நின்றுவிட்டால், சூடு தணிகிறவரை மறுபடி தொடங்க வழியில்லை. அவர் சொன்ன அறிகுறி அத்தனையும் இதற்குள் அடக்கம்.

வயரும் தன் பங்குக்குத் தின்றுகொண்டிருந்தது. கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு 15 மீட்டர், போகவர 30 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர். இரண்டு பேனல் பேரலலில் 18 ஆம்பியர் வந்தால் அந்த வயரிலேயே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். தாமிரம் சூடாகச் சூடாக அதன் தடையும் ஏறும், டிகிரிக்கு 0.39%. வெயிலில் கிடக்கிற வயரில் 3 வோல்ட் வரை போகலாம். ஏற்கனவே 26-தான் இருக்கிறது, அதில் 3 போனால் என்ன மிஞ்சும்?

செய்தது ஒரே ஒரு மாற்றம். இரண்டு பேனலையும் சீரீஸில், அதாவது வோல்ட் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். இப்போது மதியச் சூட்டிலும் 52 வோல்ட் வருகிறது. ஆம்பியர் 9-தான் என்பதால் அதே வயரில் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. வாட் கணக்கில் பார்த்தால் வயர் தின்றது நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. 52-ஐ 28.8 ஆக இறக்கி ஆம்பியரைக் கூட்டிக் கொடுப்பதுதான் எம்பிபிடியின் வேலையே. அதைச் செய்ய அதற்கு இப்போதுதான் இடம் கிடைத்தது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

எச்சரிக்கை ஒன்று. சீரீஸ் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு அடுக்கக் கூடாது. குளிர்ந்த விடியலில் வோல்ட் எதிர்ப்பக்கம் ஏறும். 38 வோல்ட் விஓசி உள்ள பேனல் இரண்டு சேர்ந்தால் 76, பத்து டிகிரிக் குளிரில் 80 பக்கம். 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கும். மூன்று சேர்த்தால் 114, முதல் விடியலிலேயே கன்ட்ரோலர் போய்விடும். சூட்டுக்கு விஎம்பியையும் குளிருக்கு விஓசியையும் கணக்குப் போட்டு, இரண்டுக்கும் நடுவே வருகிற மாதிரி எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வோல்ட்டை இறக்கி ஆம்பியராக்கத் தெரியாத பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சீரீஸ் வழி பயன்படாது. அவர்கள் 24 வோல்ட் பேட்டரிக்கு 72 செல் பேனல்தான் வாங்க வேண்டும். 60 செல் பேனலை அதோடு இணைத்து விற்பவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். மனது வலிக்கிறது.

பறவை எச்சமும் இதே வோல்ட் கணக்குக்குள் வருகிறது. 60 செல் பேனலுக்குள் மூன்று பைபாஸ் டயோடுகள் உண்டு, இருபது செல்லுக்கு ஒன்று. ஒரு செல்லை எச்சம் மறைத்தால் அந்த இருபது செல்லையும் விட்டுவிட்டுக் கரண்ட் சுற்றிப் போகும். மூன்றில் ஒரு பங்கு வோல்ட் காணாமல் போகும். சூட்டில் 26 தருகிற தனிப் பேனல் அப்போது 17 தரும், 24 வோல்ட் பேட்டரிக்கு அது பூஜ்யத்துக்குச் சமம். சீரீஸில் இருக்கிற இரண்டு பேனலில் இதே நடந்தால் 52 என்பது 43 ஆகும், சார்ஜ் தொடரும். எச்சம் பட்ட செல் மட்டும் தனியாகச் சூடேறிக் கருகும் ஆபத்தும் இருப்பதால், அதைக் கண்ட அன்றே துடைத்துவிடுவது நல்லது. விடியற்காலையில் கண்ணாடி குளிர்ந்து, பனி ஈரம் இருக்கும்போது மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் தூசியும் சேர்ந்து போய்விடும். பேனலைப் படுக்கையாக வைக்காமல் பத்து டிகிரியாவது சாய்த்து வைத்திருந்தால் மழை பாதி வேலையைச் செய்யும்.

இனி பேட்டரி இருக்கிற அறை. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் முழு அமைப்பிலும் முதலில் சாகிற பொருள் பேட்டரி, அதைக் கொல்வது பெரும்பாலும் சூடு.

லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியை வைத்துச் சொல்லப்படுவது. அதற்குமேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். நிரந்தரமாக 35 டிகிரியில் இருக்கிற பேட்டரி, எழுதியிருக்கிற வருடங்களில் பாதியைத்தான் தரும். மொட்டை மாடியில் தகரப் பெட்டிக்குள் பேட்டரியை வைப்பவர்கள், வயர் நீளம் குறையும் என்று காரணம் சொல்கிறார்கள். வயருக்குச் சீரீஸ் இருக்கிறது. பேட்டரியைக் கீழே இறக்குங்கள். தரைத்தளத்தில், வெயில் விழாத சுவர்ப்பக்கம், காற்று போய்வருகிற இடத்தில். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் ஜன்னல் இல்லாத அலமாரிக்குள் பூட்டவும் கூடாது, அதற்கு நேர் மேலே கன்ட்ரோலரையோ இன்வெர்ட்டரையோ மாட்டவும் கூடாது.

சூடான பேட்டரிக்குச் சார்ஜ் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், சராசரியாக 24 மில்லிவோல்ட் என்று வையுங்கள். பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 14.4-க்குப் பதில் 14 வோல்ட் போதும். குறைக்காமல் விட்டால் தண்ணீர் வேகமாக வற்றும், தகடு உதிரும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். ஆனால் எந்த வெப்பத்தைப் பார்த்துச் செய்கின்றன என்பதைப் பாருங்கள். பல கன்ட்ரோலர்களில் சென்சார் உள்ளேயே இருக்கிறது. பேட்டரி கீழே 30 டிகிரியில் சுகமாக இருக்க, கன்ட்ரோலர் மட்டும் வெயில் படும் சுவரில் 55 டிகிரியில் தகித்துக்கொண்டிருந்தால், அது பேட்டரியும் 55-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டு 13.7 வோல்ட்டோடு நிறுத்திவிடும். தேவைப்பட்டதோ 14.3. பேட்டரி ஒருநாளும் நிரம்பாது, தகடுகளில் சல்ஃபேட் படியும், ஒரு வருடத்தில் பேட்டரி கம்பெனியைத் திட்டுவோம். வயரோடு வருகிற தனி சென்சாரை வாங்கிப் பேட்டரியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டினால் முடிந்தது. இவ்வளவு சின்னப் பொருள் இவ்வளவு பெரிய நஷ்டத்தைத் தடுப்பதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த வோல்ட் திருத்தம் தேவையில்லை, அந்த வசதியை கன்ட்ரோலரில் அணைத்துவிட வேண்டும். ஆனால் அதற்கும் சூடு ஆகாது. பல டேட்டா ஷீட்டுகளில் சார்ஜ் செய்வதற்கான உச்ச வரம்பு 45 டிகிரி, சிலவற்றில் 55. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்கிற பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை வெட்டிவிடும். தகரக் கொட்டகையில் வைத்த லித்தியம் பேட்டரி, வெயில் உச்சத்தில் இருக்கிற நேரம் பார்த்து சார்ஜை மறுப்பது இதனால்தான்.

கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் இரண்டும் சூடாகித் தம்மைத் தாமே குறைத்துக்கொள்ளும் கருவிகள். 40 டிகிரிவரைதான் முழு ஆம்பியர், அதற்குமேல் படிப்படியாகக் குறைப்பேன் என்று பல கையேடுகளிலேயே எழுதியிருப்பார்கள். அவற்றில் சூட்டை வெளியேற்றுகிற துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும், மேலும் கீழும் ஒரு சாண் காலியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. நான் என் கன்ட்ரோலருக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை 12 வோல்ட்டில் மெதுவாக ஓட விட்டிருக்கிறேன். அது எடுப்பது ஓரிரு வாட். பேனலுக்கு ஃபேன் வைக்க யோசிப்பவர்கள் அதை இங்கே வைக்கலாம்.

எத்தனை பேனல் தேவை என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாக ஒரு சொல். வெயில் காலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சூட்டில் 16% போனாலும் வெயில் நீண்ட நேரம் அடிக்கிறது. வருடத்தில் மேகம் அதிகமாக மூடுகிற மாதம் எதுவோ அதை வைத்துப் போடுங்கள். அதோடு, முடிந்த வேலைகளையெல்லாம் பகலுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது, மாவு அரைப்பது எல்லாம் பேனலிலிருந்து நேராக ஓடினால் பேட்டரி வழியாகப் போய்வரும் நஷ்டமும் மிச்சம், பேட்டரி சூடாவதும் குறையும். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 30 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 720 வாட்-ஹவர். இரவில் விளக்கும் ஃபேனும் டிசியில், அதாவது பேட்டரியிலிருந்து நேராக ஓடினால் இன்வெர்ட்டரை அணைத்தே வைக்கலாம்.

கடைசியாக, அளவு எடுப்பது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பேட்டரி நிரம்பிவிட்டால் கன்ட்ரோலரே பேனலை அடக்கிவிடும். அப்போது மீட்டரில் 40 வாட் காட்டினால் பேனல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் பெரிய லோடு ஒன்றைப் போடுங்கள், ஆம்பியர் ஏறுகிறதா பாருங்கள். பேனல் சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கண்ணாடிமேல் காட்டினால் வானத்தின் பிரதிபலிப்பு குழப்பும், அடியில் பின்பக்கத்தில் காட்டுங்கள். பேனலுக்கு அருகில் ஒரு முறை, கன்ட்ரோலருக்கு அருகில் ஒரு முறை வோல்ட் எடுத்து இரண்டையும் கழித்தால், வயர் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வித்தியாசம் திடீரென்று கூடியிருந்தால் ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதே தெர்மாமீட்டரை, பேனல் வயர்களை இணைக்கிற எம்சி4 பிளக் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போங்கள். பக்கத்துப் பிளக்கைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் காட்டுவதை மாற்றிவிடலாம். மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே கம்பெனிப் பிளக்காக இருக்கட்டும், பார்ப்பதற்குப் பொருந்துகிற வேறு வேறு பிளக்குகள் உள்ளே சரியாகத் தொடுவதில்லை. பிளக்கைக் கழற்றும் முன் டிசி பிரேக்கரை அணைத்துவிடுங்கள். ஓடுகிற டிசியை வெறும் கையால் பிரித்தால் எழுகிற பொறி, ஏசியைப் போலத் தானாக அணையாது.